சேணமும் கடிவாளமும்

குதிரையேற்றப் போட்டிக்கு முந்திய மாலைப் பொழுதில், கொட்டிலை அடுத்த அறையில் பல பொருள்கள் வரிசையாக எடுத்து வைக்கப்படும். சேணம், அதன் கீழ் விரிக்கும் துணி, வயிற்றைச் சுற்றிக் கட்டும் வார், கடிவாளம், அங்கவடி, லாடத்தில் திருகும் முளைகள், வீரனின் காலணி, தலைக்கவசம் ஆகிய இவை ஒவ்வொன்றும் தைப்பு விட்டிருக்கிறதா, தோல் வெடித்திருக்கிறதா, கொக்கி நெகிழ்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கப்படும். புதுச் சேணத்தைப் போட்டியன்று முதன்முதலாக ஏற்றலாகாது என்பது இத்துறையில் தேர்ந்தோர் எல்லோரும் ஒப்பும் விதி. இத்தேர்வில் இருவர் உயிர் அடங்கியிருக்கிறது. அவ்விருவருள் ஒருவர்தாம் வாய் திறந்து சொல்லக்கூடியவர். மற்றவருக்கு முதுகு நொந்தாலும் நாக்கு நெரிந்தாலும் துள்ளுவதும் தலையை உதறுவதும் அன்றி வேறு மொழி இல்லை. அந்த மொழியை மனிதன் எவ்வளவு காலம் தவறாகவே படித்து வந்தான் என்பதைச் சேணத்தின் வரலாறும் கடிவாளத்தின் வரலாறும் காட்டுகின்றன.

பழங்கிரேக்க நாட்டின் ஒலிம்பியாவில் குதிரையேறி ஓட்டும் பந்தயம் கி.மு. 648-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. அப்பந்தயத்தில் ஓட்டியவர்களுக்குச் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. வெற்று முதுகின்மேல், தொடைப் பிடியை மட்டும் நம்பி அவர்கள் அமர்ந்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் சிறுவர்கள். வெற்றி மாலையோ குதிரையின் உடைமையாளருக்கு உரியது. கொரிந்து நகரத்துப் பெய்தோலாசு என்பவரின் பெண்குதிரை ஔரா, ஓட்டம் தொடங்கிய உடனேயே தன்மேல் இருந்தவனைக் கீழே தள்ளிவிட்டது. ஆயினும் அது நிற்காமல் முறைப்படி ஓடி, திருப்பத்தில் திரும்பி, எக்காளம் முழங்கக் கேட்டு மேலும் விரைந்து, முதலாவதாக வந்து நின்றது என்று பயணநூலாசிரியர் பௌசானியாசு எழுதியிருக்கிறார். பெய்தோலாசே வென்றவர் என்று அறிவிக்கப்பட்டது. விழுந்த சிறுவன் என்ன ஆனான் என்பதை அந்நூல் பேசவில்லை. அக்காலத்தின் மனப்போக்கை அந்த மௌனமே காட்டிவிடுகிறது.

அத்தகைய காலத்தில் ஒருவர் மட்டும் வேறு வகையாக எண்ணினார். அவர் செனபோன். சாக்ரட்டீசின் மாணாக்கர், படைத்தலைவர், வரலாற்றாசிரியர். கி.மு. நான்காம் நூற்றாண்டில் அவர் எழுதிய குதிரையேற்றக் கலை பற்றிய நூல், அத்துறையில் முழுமையாக நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல்களுள் ஒன்று. குதிரை வாங்குகிறவன் முதலில் குளம்பைப் பார்க்க வேண்டும் என்று அவர் தொடங்குகிறார். அடித்தளம் பழுதான வீட்டின் மேல்தளம் எவ்வளவு அழகாக இருந்தென்ன என்பது அவர் கருத்து. கிரேக்கர்களுக்கு லாடம் அடிக்கும் வழக்கம் இல்லை. எனவே கொட்டிலின் முன்புறத்தில் கைப்பிடி அளவான உருண்டைக் கற்களைப் பரப்பி, அதன்மேல் குதிரையை நிறுத்தித் தேய்த்துவிட்டால் குளம்பு தானே உறுதிப்படும் என்று வழி சொன்னார்.

கடிவாளத்தைப் பற்றி அவர் கூறியவை இன்னும் நுட்பமானவை. குதிரையின் வாய்க்குள் இடும் இரும்பில் வழவழப்பானது ஒன்றும் முட்கள் கொண்டது ஒன்றுமாக இரண்டாவது வைத்திருக்க வேண்டும் என்கிறார். முள் இரும்பை முதலில் உணர்ந்த குதிரை, வழவழப்பான இரும்பு வாயில் படும்போது அதை நன்றியுடன் ஏற்கும் என்பது அவர் கணக்கு. இன்று இதைப் படிப்பவர் முகம் சுளிக்கலாம், சுளிக்க வேண்டியதும்தான். ஆனால் அதே நூலில், வற்புறுத்தலால் குதிரை செய்வதை அது புரிந்து செய்வதில்லை. சவுக்காலும் தாற்றுக்கோலாலும் ஆட்டி வைக்கப்படும் நடனக்காரனிடம் அழகைக் காண முடியாதது போலவே இதுவும் என்று அவர் கருதியிருக்கிறார். வீரனுக்கு அவர் தேர்ந்தெடுக்கும் தலைச்சீராவும் குறிப்பிடத்தக்கது. போயோட்டியாவில் செய்யப்படும் தலைச்சீராவே சிறந்தது என்பது அவர் முடிவு. அது மார்புக் கவசத்துக்கு மேற்பட்ட பகுதி முழுவதையும் காக்கிறது. அதே நேரத்தில் கண்பார்வையை மறைப்பதில்லை. குதிரையின் முதுகில் விரிக்கும் துணி, அமர்பவனுக்கு உறுதியான இருக்கையாகவும் குதிரையின் முதுகைப் புண்ணாக்காததாகவும் இருத்தல் வேண்டும் என்றும் எழுதினார். ஏறுபவன், ஏற்றிச் செல்லும் விலங்கு ஆகிய இருவர் நலத்தையும் ஒரே வாக்கியத்தில் நிறுத்திப் பார்த்த அந்தச் சிந்தனை, பின்னர் இரண்டாயிரம் ஆண்டுகளில் பல முறை மறக்கப்பட்டது. செனபோனின் மகன் கிரில்லசு கி.மு. 362-இல் மாந்தினேயாவை ஒட்டி நிகழ்ந்த குதிரைப்படைப் போரில் மாண்டான். படைக்கலமும் கவசமும் பற்றிய அந்தத் தந்தையின் சொற்களை ஏட்டறிவு என்று ஒதுக்கிவிட இயலாது.

கிரேக்கர் துணியோடு நின்றுவிட்டபோது, ஆசியப் புல்வெளிகளில் வாழ்ந்த மக்கள் ஒரு படி மேலே சென்றிருந்தார்கள். சைபீரியாவின் தெற்கே அல்தாய் மலையில் பசிரிக் என்னும் இடத்துக் கல்லறைகள் பனியில் உறைந்து கிடந்தமையால், ஏறத்தாழ இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட சேணங்கள் மக்காமல் கிடைத்தன. மயிரும் புல்லும் அடைத்த இரு தோல் மெத்தைகள் முதுகெலும்பின் இருபுறமும் படியும்படி அவை அமைந்திருந்தன. நடுவில் இடைவெளி. ஏறியிருப்பவனின் எடை தண்டுவடத்தின் மீது அழுந்தாமல், விலாவின் மேற்புறத்துத் தசைகளில் பரவ வேண்டும் என்பதே சேணக் கலையின் அடிப்படை. அதனை எழுத்தறியாத அந்த மேய்ச்சல் மக்கள் கையால் கண்டறிந்திருந்தார்கள். பிற்காலத்தில் மரத்தாலான உட்சட்டம் வந்தபோதும் கொள்கை மாறவில்லை. இன்றும் தேர்ந்த பயிற்சியாளர், குதிரை ஓடி வந்த பின் சேணத்தை இறக்கி முதுகின் வியர்வையைப் பார்க்கிறார். முழுவதும் ஈரமாக இருக்கும் இடத்தில் ஒரு சிறு பகுதி மட்டும் உலர்ந்து கிடந்தால், அவ்விடத்தில் சேணம் அளவுக்கு மீறி அழுத்துகிறது என்று பெரும்பாலும் கொள்வார். குதிரையின் உடல் பயிற்சிக்கும் தீனிக்கும் ஏற்ப மாறுவது. சென்ற ஆண்டு பொருந்திய சேணம் இவ்வாண்டு பொருந்தும் என்பதற்கு உறுதி இல்லை.

அங்கவடியின் பிறப்பு இன்னும் வியப்பானது. இந்தியாவில் சாஞ்சி முதலிய இடங்களின் பழஞ்சிற்பங்களில், காலின் பெருவிரலை மட்டும் நுழைக்கும் கயிற்று வளையம் காணப்படுகிறது. வெறுங்காலுடன் ஏறும் வெப்ப நாட்டுக்கு அது போதும். குளிர்நாட்டில் காலணி அணிந்தவனுக்கு அது உதவாது. சீனாவில் சாங்சா நகரத்துக் கல்லறை ஒன்றில் கி.பி. 302-ஐச் சேர்ந்த மண்பொம்மைக் குதிரையின் இடப்புறத்தில் மட்டும் ஒரு வளையம் தொங்குகிறது. அது ஏறுவதற்கான படி. ஏறிய பின் காலை வைப்பதற்கன்று. கி.பி. 415-இல் இறந்த பெங் சுபு என்னும் பெருமகனின் கல்லறையிலோ, மரத்தில் செய்து பொன்முலாம் பூசிய வெண்கலத் தகடு போர்த்திய இணை அங்கவடிகளே கிடைத்திருக்கின்றன. கி.பி. 600-ஐ ஒட்டி, பைசாந்தியப் பேரரசர் மொரீசின் பெயரால் வழங்கும் போர்நூல், குதிரைவீரன் ஒவ்வொருவனும் வைத்திருக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் இரண்டு இரும்பு அங்கவடிகளையும் சேர்த்துவிட்டது. அங்கவடியே ஐரோப்பாவின் நிலமானிய முறையைத் தோற்றுவித்தது என்று லின் ஒயிட் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர் 1962-இல் வாதிட்டார். ஒரு வளையத்தின் தலையில் அவ்வளவு பெரிய சுமையை ஏற்றலாகாது என்று பின்வந்தோர் மறுத்ததே பொருத்தமாகத் தோன்றுகிறது.

காலுக்குத் துணையாக வந்த அதே வளையம், காலைச் சிக்க வைக்கும் கண்ணியாகவும் ஆயிற்று. விழுந்தவனின் பாதம் அங்கவடியில் மாட்டிக்கொள்ள, மிரண்ட குதிரை அவனை இழுத்துக்கொண்டே ஓடுவதுதான் குதிரையேற்றத்தில் மிகக் கொடிய விபத்து. காலணியின் அகலத்தைவிட ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் கூடுதலான அங்கவடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும், காலணிக்குக் குதிகால் இருக்க வேண்டும் என்பதும் அதனால் எழுந்த விதிகள். மிகக் குறுகினால் பாதம் சிக்கும். மிக அகன்றால் பாதம் முழுவதும் உள்ளே நழுவிவிடும்.

சேணத்தையும் அங்கவடியையும் மட்டும் தேடிக்கொண்டால் போதாது. அவற்றைக் கையாளத் தெரிந்தவனும் வேண்டும். இதற்குத் தமிழ் நிலத்திலேயே ஒரு சான்று உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அரபு நாடுகளிலிருந்தும் பாரசீகக் கரையிலிருந்தும் ஆண்டுதோறும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்திறங்குவதையும், பாண்டியர் அவற்றுக்குப் பெரும்பொன் கொடுப்பதையும், ஓராண்டுக்குள் அவற்றில் பெரும்பகுதி மடிந்துபோவதையும் எழுதி வைத்தார். குதிரையைப் பேணவும் லாடம் கட்டவும் தெரிந்தவர் அங்கு இல்லை. விற்கும் வணிகரோ அத்தகையோரை அனுப்புவதுமில்லை, போகவிடுவதுமில்லை. குதிரைகள் சாகச் சாகத்தானே வாணிகம் நடக்கும் என்பது அவர் தரும் விளக்கம். அயலார் ஒருவரின் கூற்று என்பதால் அதில் மிகை கலந்திருக்கக்கூடும். ஆனால் பொருளை விற்று அறிவை மறைத்துக்கொள்ளும் வாணிகம் உலகத்துக்குப் புதியதன்று.

இனிப் போட்டிக் களத்துக்கே வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியக் குதிரைப்படைகளில் தடைதாண்டும் முறை விந்தையாக இருந்தது. நீண்ட அங்கவடி வாரில் காலை நீட்டி அமர்ந்த வீரன், குதிரை எழும்பும்போது பின்புறமாகச் சாய்ந்து கடிவாளத்தைப் பற்றி இழுப்பான். அவ்வாறு செய்தால் குதிரை தன் மெலிந்த முன்கால்களைக் காத்துப் பின்கால்களில் இறங்கும் என்று நம்பினார்கள். குதிரைக்கு நேர்ந்ததோ வேறு. தாண்டும் கணத்தில் இடுப்பில் வீரனின் முழு எடையும் இறங்கியது. வாயில் இரும்பு வெட்டியது. அடுத்த முறை தடையைக் கண்டவுடன் குதிரை தயங்கி நின்றது. அதனை அடக்க மேலும் கொடிய இரும்பைத் தேடினார்கள். நோவினால் மறுத்த விலங்கைப் பிடிவாதம் பிடித்தது என்று கருதி, நோவை மிகுதிப்படுத்தும் கருவியை மாட்டினார்கள். இவ்வாறே தலைமுறைகள் கழிந்தன.

இத்தாலிய நாட்டுக் குதிரைப்படை அதிகாரியான பெதரிக்கோ கப்ரில்லிதான் இந்தச் சுழலை அறுத்தவர். 1868-இல் பிறந்த அவர் பினெரோலோ குதிரைப்படைப் பள்ளியில், மேலே ஆள் இல்லாமல் தாமாகத் தாண்டும் குதிரைகளை உற்றுக் கவனித்தார். கழுத்தையும் தலையையும் முன்னே நீட்டித்தான் அவை தாண்டின; முன்கால்களில்தான் இறங்கின. குதிரை தன் இயல்பில் செய்வதை மனிதன் தடுக்கலாகாது என்னும் எளிய முடிவுக்கு வந்தார். அங்கவடி வாரைக் குறுக்கினார். உடலை முன்னே சாய்க்கச் சொன்னார். கை குதிரையின் வாயைப் பின்தொடர்ந்து செல்ல வேண்டும், இழுக்கலாகாது என்றார். நெம்பித் தாடையை இறுக்கும் கடுங்கடிவாளத்தை விலக்கி, மென்மையான கடிவாளத்தையே ஏற்றார். தம் கொள்கைகளை 1901-இல் இத்தாலியக் குதிரைப்படை இதழில் எழுதினார். 1902-இல் டூரின் நகரப் போட்டியில் மெலோப்போ என்னும் குதிரையில் 2.08 மீட்டர் உயரத்தைத் தாண்டிக் காட்டினார். பின்னர்ப் பல நாட்டு அதிகாரிகள் இத்தாலிக்கு வந்து அம்முறையைப் பயின்றார்கள். உட்காரும் முறை மாறியதும் சேணமும் மாற வேண்டியதாயிற்று. முழங்கால் முன்னே வருவதற்கு ஏற்பப் பக்கத்தோல் முன்புறமாக வெட்டப்பட்டது. முழங்காலைத் தாங்கச் சிறு திண்டு வைக்கப்பட்டது. இன்று தடைதாண்டும் போட்டியில் காணும் சேணம் யாவும் அந்த மாற்றத்தின் வழிவந்தவை.

ஏறத்தாழ அதே காலத்தில் ஓட்டப்பந்தயத்திலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. டாட் சுலோன் என்னும் அமெரிக்க ஓட்டுநர் 1897-இல் இங்கிலாந்துக்கு வந்து, அங்கவடியை மிகக் குறுக்கிக்கொண்டு குதிரையின் கழுத்தருகே குனிந்து ஓட்டினார். குரங்கு உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது என்று கண்டோர் நகைத்தனர். நகைத்தவர்களே சில ஆண்டுகளில் அவரைப் பின்பற்றினர். 1900-ஐ ஒட்டிய காலத்தில் இம்முறை பரவியதால் பெரும் பந்தயங்களின் நேரம் 5 முதல் 7 விழுக்காடு வரை மேம்பட்டது என்று 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. குனிந்து நிற்கும் ஓட்டுநரின் கால்கள் வில்போல் இயங்கி, அவர் உடல் குதிரையோடு சேர்ந்து ஏறி இறங்காமல் காக்கின்றன. எடையைத் தாங்கும் குதிரைக்கு அந்த எடையைத் தூக்கித் தூக்கிப் போடும் வேலை மிச்சமாகிறது. விலையுயர்ந்த குதிரையாலும் தீனியாலும் கிடைக்காத வேகம், ஒரு வாரை நாலு துளை குறுக்கியதால் கிடைத்தது.

எடை என்று சொன்னவுடன் இங்குள்ள வாசகர்களுக்குப் பந்தயத் திடலின் தராசு நினைவுக்கு வரக்கூடும். 1842-இல் சிங்கப்பூரில் தொடங்கப்பெற்று, 1933-இல் புக்கிட் தீமாவுக்கும் பின்னர்க் கிராஞ்சிக்கும் சென்ற பந்தயக் கழகம், 2024 அக்டோபர் 5-ஆம் நாள் தன் கடைசி ஓட்டத்தை நடத்தி முடித்தது. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் சேணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓட்டுநர் தராசில் ஏறுவது இத்தகைய கழகங்களின் மாறாத வழக்கம். விதித்த எடை குறைந்தால் சேணத்தின் பைகளில் ஈயத் தகடு சேர்க்கப்படும். ஆத்திரேலியாவின் புகழ்பெற்ற பார் லாப் 1931-ஆம் ஆண்டு மெல்பர்ன் கிண்ணப் போட்டியில் ஏறத்தாழ 68 கிலோ சுமந்து ஓடி எட்டாவதாக வந்தது. தடைதாண்டும் போட்டிகளிலும் மூன்று நாள் போட்டிகளிலும்கூட 75 கிலோவுக்குக் குறைந்த வீரர்கள் ஈயம் சுமக்க வேண்டும் என்னும் விதி நெடுங்காலம் இருந்தது. உயிருள்ள எடை குதிரையோடு சேர்ந்து அசையும், ஈயம் அசையாது. சமநீதிக்காக வகுத்த விதி குதிரையின் கால்களுக்குத் தீங்காகிறது என்பதை உணர்ந்து 1990-களின் இறுதியில் அதைக் கைவிட்டார்கள்.

மனிதனின் தலைக்கு வந்த பாதுகாப்புத்தான் எல்லாவற்றிலும் பிந்தியது. குதிரையின் இயல்பை அவ்வளவு நுட்பமாக அறிந்திருந்த கப்ரில்லி, 1907 டிசம்பரில் டூரினில் குதிரையிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு 39 வயதில் இறந்தார். போயோட்டியத் தலைச்சீராவைப் பரிந்துரைத்த செனபோனுக்குப் பிறகு அவ்வளவு நூற்றாண்டுகள் கடந்தும், போர்க்களத்துக்கு வெளியே தலையைக் காப்பது கோழைத்தனமாகவே கருதப்பட்டது. நடைவனப்பைக் காட்டும் டிரெசாஜ் போட்டியில் உயர்ந்த கறுப்புத் தொப்பியே மரபாக நிலைத்திருந்தது. 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட அமெரிக்க வீராங்கனை கோர்ட்னி கிங்-டை, 2010 மார்ச்சில் புளோரிடாவில் பயிற்சியின்போது தலைக்கவசமின்றி விழுந்து நான்கு வாரம் நினைவிழந்து கிடந்தார். மீண்டும் பேசவும் நடக்கவும் அவர் முயன்று கற்க வேண்டியதாயிற்று. அவருக்கு நேர்ந்ததே தலைக்கவச இயக்கத்துக்கு வித்தாயிற்று. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் சார்லட் டுசார்டன் தலைக்கவசம் அணிந்தே வலெக்ரோ என்னும் குதிரையில் தங்கம் வென்றார். நடுவர் மதிப்பெண்ணைத் தொப்பி தீர்மானிப்பதில்லை என்பது அன்று வெளிப்பட்டது. அதன்பின்னும் ஒன்பது ஆண்டு கழித்து, 2021 சனவரி முதல்தான் அனைத்துலகக் குதிரையேற்றச் சம்மேளனம் எல்லாப் போட்டிகளிலும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. மரபு குலைகிறதே என்று வருந்தியவர்களும் உண்டு. அந்தத் தொப்பி குதிரையேற்றத்தோடு பிறந்ததன்று. ஒரு காலத்து நகரத்துக் கனவான்களின் உடை, அவ்வளவே.

குதிரையின் தலையிலும் ஒரு சிறு வார் நெடுநாள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. வாயைத் திறந்து இரும்பிலிருந்து தப்ப முயலும் குதிரையின் மூக்கைச் சுற்றி இறுக்கும் மூக்கு வாரைத்தான் சொல்கிறோம். அதற்கும் மூக்கெலும்புக்கும் இடையில் இரு விரல் நுழைய வேண்டும் என்பது பழைய வழக்கு. யாருடைய விரல், எந்த இடத்தில் என்ற கேள்விக்கு விடை இல்லாததால் இறுக்குவோர் இறுக்கிக்கொண்டே இருந்தனர். 2025-இல் சம்மேளனம் அதற்கென ஓர் அளவுகருவியையே கொண்டுவந்தது. வாரைத் தளர்த்தினால் குதிரை வாயைத் திறக்கிறதென்றால், வாரை இறுக்குவதைவிட வாய்க்குள் இருப்பது என்ன, அதைப் பிடித்திருக்கும் கை எப்படிப்பட்டது என்று பார்ப்பதே முறை. கப்ரில்லி சொன்னதும் அதுதான்.

தொற்று நோயால் ஓராண்டு தள்ளிப்போய் 2021-இல் தோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கின் தடைதாண்டும் குழுப் போட்டியில், அமெரிக்கக் குழுவோடு சமநிலை ஏற்பட்டு, மறுதாண்டலில் சுவீடன் தங்கம் வென்றது. சுவீடன் குழுவின் மூன்று குதிரைகளுள் எட்வர்டு அரசன் என்று பொருள்படும் பெயர் கொண்ட கிங் எட்வர்டும், ஆல் இன் என்பதும் லாடமே இல்லாமல் தாண்டின. பேடர் பிரெட்ரிக்சன் அதே ஆல் இன்னில் தனியாள் போட்டியில் வெள்ளியும் பெற்றார். களத்தில் இருந்த மற்றக் குதிரைகளில் பெரும்பாலானவை வழக்கப்படி லாடம் அணிந்தே வந்தன. அவற்றின் உரிமையாளர்களும் அறியாதவர்கள் அல்லர். லாடத்தைக் கழற்றிய அன்றே குதிரை கடுநிலத்தில் ஓடிவிடாது. குளம்பு தடித்து உறுதிப்பட நாளாகும். நடக்கும் தரையைப் பார்த்துப் பார்த்து மாற்ற வேண்டும். சில குதிரைகளுக்கு அது ஒத்துவராமலே போகும். சுவீடனின் கொட்டில்களில் அந்தப் பொறுமை இருந்தது. செனபோன் கொட்டிலின் முன் கல் பரப்பச் சொன்னதும் அந்த ஒரு காரியத்துக்காகத்தான்.